பொன்வண்டைத் தைத்தவர் யார்?

டாலிகஞ்ச் என்னும் ஊர்ப்பெயரில் கால்வாய் வெட்டுவித்த வில்லியம் டாலி வாழ்கிறார். மண் சுமந்தோர் இல்லை. அணிகலன் வரலாறும் இப்படியே எழுதப்படுகிறது. 1903 தில்லி தர்பாரில் கர்சன் சீமாட்டி அணிந்த மயில் உடையில் ஒவ்வொரு மயிற்கண்ணுக்கும் ஒரு பொன்வண்டுச் சிறகோடு. எளிதில் நொறுங்கும் அதனை ஊசித்துளையிட்டு, சரிகைக்கு நடுவே தைத்துப் பொருத்த வேண்டும். அதைச் செய்த தில்லிக் கைகளைப் பல ஆய்வுரைகள் 'தைக்கப்பட்டது' என்ற செயப்பாட்டு வினைக்குள் புதைக்கின்றன; வொர்த் என்னும் பாரிஸ் தையலகத்துக்கு மட்டும் செய்வினை! வங்கப் பெண்கள் நெற்றியில் ஒட்டிய காஞ்ச்போகாப் பொட்டோ 'நாட்டார் வழக்கம்' என ஒதுக்கப்படுகிறது. சீமாட்டி உடுத்தினால் கலை, டாலிகஞ்ச் பாட்டி ஒட்டினால் வழக்கமா? வினைமுதல் இல்லாத இத்தகைய வாக்கியங்களை ஆய்வேட்டு நெறியாளர்கள் திருப்பி அனுப்பட்டும்.