அடைக்கலம் என்பது பூட்டு அல்ல

மும்பையிலிருந்து ஊருக்குப் போகும் வண்டி பூனாவைத் தாண்டி தவுண்டு சந்திப்பை நெருங்கும்போது கேட்காவ் என்றொரு சிறு நிலையம் வரும். நம் வண்டிகள் பெரும்பாலும் அங்கே நிற்பதில்லை. கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றைப் பிரிப்பதிலும் பிள்ளைகளை அதட்டுவதிலும் நாமும் அதைக் கவனிப்பதில்லை. ஆனால் நூற்றிருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் திக்கற்ற பெண்களுக்குக் கதவு திறந்து வைத்திருக்கும் 'முக்தி' என்ற இல்லம் அந்த ஊரில்தான் இருக்கிறது.

இம்மாதம் நாம் எடுத்துக்கொண்ட பொருள், நம் வீடுகளில் பெரியவர்கள் வாய்விட்டுப் பேசத் தயங்கும் பொருள். வேலை என்றும் கல்யாணம் என்றும் ஆசை காட்டி அழைத்து வரப்பட்டு, விலை பேசி விற்கப்பட்ட பெண்கள் மீட்கப்பட்ட பிறகு எங்கே வாழ்கிறார்கள்? அவர்களுடைய காயம் எப்படி ஆறுகிறது? ஆற்றும் பணியைச் சமய நிறுவனங்கள் செய்வது சரிதானா? இவைதாம் கேள்விகள்.

இது நமக்குத் தொடர்பில்லாத கதை என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். காமாட்டிபுரா என்ற பெயரே, தெலுங்கு நாட்டிலிருந்து வந்து இந்த நகரைக் கட்டிய காமாட்டிகள் என்னும் கூலித் தொழிலாளர்களின் பெயர். பிழைக்க வந்தவர்கள் குடியிருந்த தெருவில்தான் பிழைக்க வந்தவர்களின் பெண்கள் விற்கப்பட்டார்கள். அழைத்து வந்தவன் பெரும்பாலும் அந்நியன் அல்லன். தெரிந்தவன், உறவுக்காரன், பக்கத்து ஊர்க்காரி. "அங்கே போனால் சம்பளம் நிறைய" என்று சொல்லித்தான் நம்மில் பலரையும் ஒருவர் கைப்பிடித்து வண்டியேற்றினார். நம்மை ஏற்றியவர் சொன்ன சொல் மெய்யாயிற்று, அந்தப் பெண்ணை ஏற்றியவன் சொன்னது பொய்யாயிற்று. வேறுபாடு அவ்வளவுதான்.

முக்தியைத் தொடங்கிய பண்டித ரமாபாய், பஞ்சத்தில் பெற்றோரைப் பறிகொடுத்தவர்; இளம் வயதிலேயே கணவரையும் இழந்தவர். 1889-இல் பம்பாயில் விதவைப் பெண்களுக்காகச் சாரதா சதனம் என்ற இல்லத்தைத் தொடங்கினார். அது பின்னர் பூனாவுக்கு மாறியது. 1896-97 பஞ்சத்தின்போது மத்திய மாகாணத்திலிருந்து ஆதரவற்ற சிறுமிகளைக் கூட்டம் கூட்டமாக அழைத்து வந்தார். கேட்காவ் நிலத்தில் இல்லம் வளர்ந்தது. பஞ்சம் வரும் இடத்துக்குத் தரகனும் கூடவே வருவான். அப்படிக் கெடுக்கப்பட்ட பெண்களுக்கென்றே அங்கே 'கிருபா சதனம்' என்ற தனி இல்லம் எழுந்தது. இரண்டாயிரம் பேர் அளவுக்கு அங்கே வாழ்ந்த காலம் உண்டு. நெசவு, தையல், எண்ணெய் ஆட்டுதல், பால் பண்ணை என்று பல தொழில்கள் நடந்தன. அச்சகமும் இருந்தது, பெண்களே அச்சுக் கோத்தார்கள். பஞ்சத்தில் பிச்சையெடுத்தவர்கள், நாலு காசுக்கு விலை பேசப்பட்டவர்கள், தம் கையால் எழுத்து அடுக்கிப் புத்தகம் போட்டார்கள். இதைவிடப் பெரிய மருந்து எது?

இங்கே நம் தோழர்கள் சிலர் குறுக்கிடுவார்கள். "பகுத்தறிவு பேசும் நாம் மடத்துக்கும் மிஷனுக்கும் ஏன் பரிந்து பேச வேண்டும்? பெண்ணைக் கெடுத்ததே மதம்தானே?" என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. கர்நாடகத்தில் சவதத்தி எல்லம்மாவின் பெயரால் பொட்டுக் கட்டப்பட்ட ஏழைச் சிறுமிகள் எத்தனையோ பேர் மும்பை விடுதிகளில் வந்து விழுந்தார்கள். கர்நாடகம் 1982-இல் அதற்குத் தடைச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. நம் மாகாணத்தில் 1947-இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. அதற்காக முத்துலட்சுமி ரெட்டியும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் பட்ட பாடு நாம் அறிந்ததே. கடவுளின் பெயரால் பெண்ணை விற்றதை நாம் மறக்கவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை.

எனினும் இன்னொரு பக்கமும் உண்டு. விற்கப்படவிருந்த சிறுமிக்கு முதலில் கதவைத் திறந்தவர்கள் யார்? நம்மில் பலருக்குச் சொந்த மாவட்டமான திருநெல்வேலியில், 1901-இல் கோயிலுக்கு ஒப்படைக்கப்படவிருந்த ஒரு சிறுமி தப்பி வந்தபோது ஏற்றுக்கொண்டவர் ஏமி கார்மைக்கேல் என்ற அயர்லாந்துக்காரப் பெண்மணி. அதிலிருந்துதான் டோனாவூர் இல்லம் வளர்ந்தது. 1930-இல் தேவதாசிக் குடும்பத்துச் சிறுமிகள் சென்னையில் தங்க இடம் தேடியபோது விடுதிகள் அவர்களைச் சேர்க்க மறுத்தன. முத்துலட்சுமி ரெட்டி தம் வீட்டிலேயே அவர்களை வைத்துக்கொண்டார். அவ்வை இல்லம் அப்படிப் பிறந்தது. ஒருவர் ஏசுவை நம்பி வந்தார், மற்றவர் சமூக நீதியை நம்பி வந்தார். இருவரும் செய்த காரியம் ஒன்றே. ஊர் கதவைச் சாத்தியபோது இவர்கள் திறந்தார்கள்.

நம்பிக்கை கொண்டவர்களிடம் உள்ள சிறப்பு என்ன? அவர்கள் கணக்குப் பார்க்காமல் காத்திருப்பவர்கள். விற்கப்பட்ட பெண்ணின் காயம் ஆறு மாதத் திட்டத்தில் ஆறுவதில்லை. இரவில் கதவு தட்டப்பட்டால் அவள் உடல் நடுங்கும். யார் அன்பாகப் பேசினாலும் இதற்கு என்ன விலை கேட்பார்களோ என்று மனம் கணக்குப் போடும். காரணமில்லாமல் கோபம் வரும். ஓடிப்போவாள், திரும்பி வருவாள். இத்தனையையும் தாங்கிக்கொண்டு, பத்தாவது முறையும் "வாம்மா, சாப்பிடு" என்று சொல்ல ஒருவர் வேண்டும். மாதச் சம்பளத்துக்கும் மாறுதல் உத்தரவுக்கும் உட்பட்ட அலுவலருக்கு இது எளிதன்று. தன் வாழ்க்கையையே இதற்கென ஒப்புக்கொடுத்த ஒரு கன்னியாஸ்திரிக்கோ ஆசிரமத்து அம்மாவுக்கோ இது அன்றாட வேலை. அதோடு, பிழைக்க வழியில்லாத காலத்திலும் தன் குலதெய்வத்தையோ மாதாவையோ கும்பிட்டே உயிரைப் பிடித்து வைத்திருந்த பெண்கள் உண்டு. அந்தப் பிடியை மூடநம்பிக்கை என்று சொல்லி அவளிடமிருந்து பிடுங்க நமக்கு உரிமை இல்லை.

ஆனால் ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. நம்பிக்கையின் வீட்டில் 'பாவம்' என்ற சொல் எப்போதும் கையெட்டும் தூரத்தில் இருக்கும். "உன் பாவம் மன்னிக்கப்பட்டது" என்று அன்போடு சொல்கிறார்கள். அவள் என்ன பாவம் செய்தாள்? பாவம் செய்தவன் விற்றவன். வாங்கியவன். காசு கொடுத்துப் படியேறியவன். மாமூல் வாங்கிக்கொண்டு கண்ணை மூடியவன். அவர்களை விட்டுவிட்டு, அடிபட்டவளை மண்டியிட்டு மனந்திரும்பச் சொல்வது இரண்டாவது அடி. எந்த இல்லத்தில் அவளிடம் "உன் மேல் குற்றமில்லை" என்று முதல் நாளே சொல்கிறார்களோ, அந்த இல்லத்தில்தான் காயம் ஆறத் தொடங்கும்.

இன்னொன்று, சோற்றுக்கு விலையாக வழிபாட்டைக் கேட்பது. ரமாபாயின் வரலாற்றிலேயே இந்தச் சிக்கல் உண்டு. சாரதா சதனத்தில் மதபோதனை இராது என்ற உறுதியின் பேரில்தான் பூனாவின் சீர்திருத்தவாதிகள் துணை நின்றார்கள். அவருடைய சொந்த வழிபாட்டில் சிறுமிகள் சிலர் கலந்துகொள்கிறார்கள் என்று 1893-இல் பெரும் பூசல் எழுந்தது. பல பெற்றோர் பிள்ளைகளை அழைத்துப் போனார்கள், ரானடே முதலியோர் ஆலோசனைக் குழுவிலிருந்து விலகினார்கள். "அவர்களாக விரும்பி வந்தார்கள்" என்பது ரமாபாயின் தரப்பு. ஆனால் உண்ண உணவும் உடுக்கத் துணியும் ஒருவர் கையிலிருந்தே கிடைக்கும்போது, விருப்பம் எது, நன்றிக்கடன் எது என்று பிரிப்பது கடினம். கடை வைத்திருப்பவனிடம் கடன்பட்டவன் அவன் சொல்லும் விலைக்குத் தலையாட்டுவதை நாம் பார்த்ததில்லையா?

அப்படியானால் எல்லா இல்லங்களையும் அரசே நடத்தட்டும் என்று சொல்லிவிடலாமா? அந்த வரலாறும் நம் கண்முன் நிற்கிறது. 1986-இல் இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டது சென்னையில்தான். டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் செய்த ஆய்வில் ஆறு பெண்களுக்குத் தொற்று இருப்பது தெரிந்தது. விபசார வழக்கில் பிடிபட்டு மயிலாப்பூர் அரசு இல்லத்தில் வைக்கப்பட்டிருந்தவர்கள் அவர்கள். அதற்குப்பின் தொற்று கண்ட பெண்கள், தண்டனைக் காலம் முடிந்த பிறகும் விடுவிக்கப்படாமல் அடைத்து வைக்கப்பட்டார்கள். பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் உயர்நீதிமன்றத்துக்குப் போய், 1990-இல்தான் விடுதலை கிடைத்தது. ஆகவே கதவைப் பூட்டுவது மதமா அரசா என்பதல்ல கேள்வி. எவன் பூட்டினாலும் பூட்டு பூட்டுதான்.

1956-இல் வந்து 1986-இல் திருத்தப்பட்ட ஒழுக்கக்கேடான தொழில் தடுப்புச் சட்டம், மீட்கப்பட்ட பெண்ணை ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை பாதுகாப்பு இல்லத்தில் வைக்க மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் தருகிறது. மீட்பு என்ற பெயரில் இது இன்னொரு சிறையாக மாறக்கூடும் என்பதை நீதிமன்றங்களே உணர்ந்துவிட்டன. 2020 செப்டம்பரில் மூன்று பெண்களின் வழக்கில், வயதுவந்த பெண்ணை அவள் விருப்பத்துக்கு மாறாக இல்லத்தில் வைத்திருக்க முடியாது என்று கூறி பம்பாய் உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. 2022 மே மாதத்தில், இத்தகைய இல்லங்களைக் கணக்கெடுத்து, விருப்பமின்றி வைக்கப்பட்டுள்ள வயதுவந்த பெண்களின் வழக்குகளைப் பரிசீலித்து விடுவிக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது.

ஆகவே சிலுவையோ பிறையோ வேலோ, சுவரில் எந்தப் படம் மாட்டியிருக்கிறது என்று நாம் பார்க்க வேண்டியதில்லை. எந்த இல்லத்தையும் மூன்று கேள்விகளால் அளப்போம். முதலாவது, வயதுவந்த பெண் போக விரும்பினால் போக முடியுமா? அவளைப் பார்க்க வருவோரை அனுமதிக்கிறார்களா? பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள் என்றால் அந்த இல்லம் 2015-ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டப்படி பதிவு பெற்றதா? இரண்டாவது, வழிபாட்டுக்கு வராதவளுக்கும் வருகிறவளுக்கும் ஒரே சோறு, ஒரே பாய், ஒரே மரியாதை உண்டா? மூன்றாவது, அவள் கற்கும் தொழில் வெளியே வந்தால் வயிற்றுக்குப் போதுமா, அவள் உழைப்புக்குக் கூலி அவள் கையில் சேர்கிறதா? இம்மூன்றுக்கும் ஆம் என்று சொல்லும் இல்லத்தை நாம் கைகூப்பி வணங்குவோம். இல்லை என்று சொல்வதை, அது எவ்வளவு பெரிய மகானின் பெயரில் இருந்தாலும், கேள்வி கேட்போம்.

இத்தனையும் பிறரைப் பற்றிய பேச்சு. இனி நம்மைப் பற்றி.

1990-இல் பம்பாய் விடுதிகளிலிருந்து மீட்கப்பட்ட நூற்றுக்கணக்கான தமிழ்ப் பெண்கள் ரயிலேற்றித் தமிழ்நாட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அந்த வண்டிக்கும் 'முக்தி' என்றுதான் பெயரிட்டார்கள். அவர்களில் பலருக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பது பின்னர் தெரிந்தது. வண்டியை அனுப்புவது அரசால் முடிகிற காரியம். வந்து இறங்கியவளை "வா மகளே" என்று கூப்பிட ஒரு வீடு வேண்டுமே, அதை எந்த அரசு உத்தரவு போட்டுக் கொடுக்கும்?

இல்லங்கள் ஏன் மூன்றாண்டு, ஐந்தாண்டு என்று பெண்களை வைத்திருக்கின்றன? காயம் ஆறாததால் மட்டும் அல்ல. காயம் ஆறிய பிறகும் போக இடமில்லாததால். அந்த இடத்தைக் கொடுக்காமல் இருப்பவர்கள் யார்? நாம்தான். வாடகைக்கு அறை கேட்டால் "எங்கிருந்து வருகிறாய்?" என்று குடைவது நாம். குழாயடியில் அவள் காதில் விழும்படி பேசுவது நாம். தன் தங்கை திரும்பி வந்தால் மற்றத் தங்கையின் கல்யாணம் நின்றுவிடும் என்று கணக்குப் போடுவதும் நாம். சாதி மறுப்பும் பெண் விடுதலையும் மேடையில் பேசிவிட்டு வீட்டுக்கு வந்து கதவைத் தாழிடும் நமக்கு, கன்னியாஸ்திரி அவளை ஜெபத்துக்கு அழைக்கிறாள் என்று குறை சொல்லும் தகுதி எங்கிருந்து வந்தது?

நம் சங்கம் செய்யக்கூடியது சிறிதுதான், ஆனால் அது நம்மால்தான் முடியும். ஊரிலிருந்து பெண்பிள்ளையை வேலைக்கு அழைத்து வருகிறேன் என்று எவர் சொன்னாலும், முதலாளி யார், விலாசம் என்ன என்று இங்குள்ள நம் உறுப்பினர் நேரில் போய்ப் பார்த்த பிறகே வண்டியேற்றச் சொல்லி ஊருக்கு எழுதுவோம். ஐயம் வந்தால் குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, அவசரத்துக்கு 112 என்ற எண்களைப் பிள்ளைகளுக்கும் மனப்பாடமாக்குவோம். இல்லத்திலிருந்து வெளிவரும் பெண்ணுக்கு ஓர் அறை, ஒரு வேலை, ரேஷன் கார்டுக்குச் சாட்சிக் கையெழுத்து ஆகியவற்றைப் பழங்கதை கேட்காமல் செய்து கொடுப்போம். நம் மகளிர் அணி மாதம் ஒருமுறை அருகிலுள்ள இல்லத்துக்குப் போகட்டும். தமிழில் பேச ஆளில்லாமல் அங்கே இருக்கும் பெண்ணுக்கு, தாய்மொழியில் நலம் விசாரிக்கும் ஒரு குரலே பாதி மருந்து.

அடுத்த முறை வண்டி கேட்காவைக் கடக்கும்போது சன்னலோரம் எட்டிப் பாருங்கள். அன்று ரமாபாய் திறந்த கதவு, இன்று நம் வீட்டு வாசலில் மூடிக் கிடக்கிறதா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். விற்கப்பட்டவள் வெட்கப்பட வேண்டியதில்லை. விற்றவனும் வாங்கியவனும் வெட்கப்படட்டும். திரும்பி வந்தவளுக்குக் கதவைத் திறக்காத நாமும் வெட்கப்படுவோம்.