பணம் 'கேட்கும்' வசதிக்கு மூடுவிழா: 6 வருஷ தாமதம் ஏன்?

செல்போனில் பணம் அனுப்பும் யு.பி.ஐ.யில் 'கலெக்ட் ரிக்வெஸ்ட்' என்று ஒரு வசதி இருந்தது. நமக்கு வரவேண்டிய பணத்தைக் கேட்டு அடுத்தவர் போனுக்குக் கோரிக்கை அனுப்பலாம். அவர் பின் நம்பரைப் போட்டால் பணம் நம்ம கணக்குக்கு வந்துவிடும். கைமாத்து கொடுத்தவர்கள், ஓட்டல் பில்லைப் பங்கு போடும் நண்பர்கள் என பலருக்கும் உபயோகமான வசதிதான்.

மோசடி கும்பலுக்கும் இது வசதியாகப் போனது. பழைய பைக், கட்டில் விற்பனைக்கு என்று விளம்பரம் கொடுத்தால் போதும். "நானே வாங்கிக்கிறேன், அட்வான்ஸ் அனுப்புறேன், பின் நம்பர் போடுங்க, பணம் ஏறிடும்" என்று நைசாகப் பேசுவார்கள். நம்பிப் போட்டால் பணம் ஏறாது. இருக்கிற பணமும் போய்விடும்.

இதில் சாப்ட்வேர் கோளாறு எதுவும் கிடையாது. வசதி சொன்னபடிதான் வேலை செய்தது. முன்பின் தெரியாத ஆளும் நம்ம போனுக்குள் வந்து பணம் கேட்க முடிந்ததே, அதுதான் ஓட்டை.

யு.பி.ஐ.யை நடத்தும் தேசிய பணப் பரிவர்த்தனை கழகம் (என்.பி.சி.ஐ.) 2019-ல் இப்படிக் கேட்கும் தொகைக்கு ரூ.2,000 என உச்சவரம்பு வைத்தது. ஏமாந்தாலும் இரண்டாயிரத்தோடு போகும் என்ற கணக்கு. மாதச் சம்பளக்காரருக்கு அது சரி. சித்தாள் வேலைக்குப் போகிறவருக்கு அது பல நாள் கூலி. அதற்காக வேலையை விட்டுவிட்டு போலீஸ் ஸ்டேஷனுக்கு அலைய எத்தனை பேரால் முடியும்?

கடைசியில் 2025 ஜூலை 29-ந்தேதி சுற்றறிக்கை வந்தது. தனிநபர் இன்னொரு தனிநபரிடம் பணம் கேட்கும் வசதி அந்த ஆண்டு அக்டோபரோடு நிறுத்தப்பட்டது.

ஒரு வசதியை எப்போது நிறுத்தலாம்? கணக்கு சிம்பிள். நிறுத்தினால் யாருக்கு கஷ்டம்? நண்பரிடம் பணம் கேட்க போன் பண்ணலாம், க்யூ.ஆர். கோடு அனுப்பலாம். மாற்று வழி இருக்கு. நிறுத்தாவிட்டால் யாருக்கு கஷ்டம்? ஏமாந்தவருக்கு போன பணம் திரும்புவது குதிரைக்கொம்பு. இந்தக் கணக்கு 2019-லேயே தெரிந்த கணக்குதான். உச்சவரம்பு போட்ட அன்றைக்கே மூடியிருக்கலாம்.

கதவு மூடியாச்சு, திருடன் ஊரை விட்டுப் போகவில்லை. இப்போதும் 'ஸ்கேன் பண்ணுங்க, பணம் வரும்' என்று வருவான். நமக்குப் பணம் வர பின் நம்பர் தேவையே இல்லை. பின் நம்பர் கேட்டாலே பணம் போகப்போகிறது என்று அர்த்தம். ஏமாந்துட்டா கூச்சப்படாதீங்க, உடனே 1930-க்கு போன் போடுங்க.