கவலைப்பட்டதால் வந்ததா இந்த நோய்?

இதயச் செயலிழப்புக்காக எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வருவோரின் அருகில் அமர்ந்திருக்கும் உறவினர் பெரும்பாலும் ஒன்றைச் சொல்வதுண்டு: “எதற்கெடுத்தாலும் மனத்தைப் போட்டு அலட்டிக்கொள்கிறார், டாக்டர். அதனால்தான் இப்படி ஆகிவிட்டது.” சொல்பவரின் அன்பில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதைக் கேட்டு நோயாளி தலைகுனிவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். நோயோடு குற்ற உணர்வையும் அவர்மேல் சுமத்துவது முறையன்று என்பது என் கருத்து. அதற்கு மருத்துவக் காரணமும் உண்டு. அக்காரணத்தைத் தெளிவாகக் காட்டும் நோய் ஒன்று தொலைவிலுள்ள இலத்தீன் அமெரிக்காவில் இருக்கிறது.

1907ஆம் ஆண்டு, பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில் இருப்புப்பாதைத் தொழிலாளரிடையே மலேரியாவைக் கட்டுப்படுத்தச் சென்றிருந்தார் கார்லோஸ் சாகாஸ் என்னும் மருத்துவர். மண்சுவர் விரிசல்களில் பதுங்கியிருந்து இரவில் குருதி உறிஞ்சும் ஒரு பூச்சியின் குடலில் அவர் ஓர் ஒட்டுண்ணியைக் கண்டார். உறங்குவோரின் முகத்தையே அப்பூச்சி நாடுவதால் ஊர் மக்கள் அதைச் ‘சவரக்காரர்’ என்று அழைத்தனர். அதன் கழிவிலிருந்து உடலுக்குள் நுழையும் ஒட்டுண்ணி பத்து, இருபது ஆண்டுகள்கூட ஓசையின்றி இருக்கும். பிறகு, தொற்றுற்றோரில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு இதயம் பழுதடைகிறது. துடிப்பின் ஒழுங்கு கெடுகிறது. இதயம் வீங்கிப் பெருக்கிறது. அந்த மருத்துவரின் பெயராலேயே இது சாகாஸ் நோய் எனப்படுகிறது.

இந்நோயில் ஒரு புதிர் உண்டு. பழுதடைந்த இதயத் தசையில் ஒட்டுண்ணிகள் மிகக் குறைவாகவே தென்படும். அழற்சியோ ஓயாது நடந்துகொண்டிருக்கும். இதயம் ஏற்கெனவே பழுதுற்ற 2,854 நோயாளிகளிடம் ஒட்டுண்ணியைக் கொல்லும் மருந்தைச் சோதித்த ஆய்வின் முடிவு 2015இல் வெளிவந்தது. குருதியில் ஒட்டுண்ணி குறைந்தது. ஆனால் இதயம் மேலும் கெடுவது குறிப்பிடத்தக்க அளவில் தடுக்கப்படவில்லை. தீ வைத்தவனைப் பிடித்த பின்னும் வீடு எரிந்துகொண்டிருக்கிறது என்றால், எண்ணெய் வேறெங்கிருந்தோ வருகிறது என்றுதானே பொருள்?

அவ்வழிகளுள் ஒன்று, இதயச் செல்களின் மேற்பரப்பில் உள்ள பீட்டா ஏற்பிகள். இவற்றை அழைப்புமணிப் பொத்தான்களாக எண்ணிக்கொள்ளலாம். அச்சமோ அவசரமோ நேரும்போது சுரக்கும் அட்ரினலின், நார்அட்ரினலின் என்னும் ஹார்மோன்கள் இப்பொத்தான்களை அழுத்துகின்றன. இதயம் விரைந்து துடிக்கிறது. சிறிது நேரம் அழுத்தினால் தீங்கில்லை. நோய் எதிர்ப்புச் செல்களில் உள்ள இதே இன ஏற்பிகள் வழியாகச் சில வேளைகளில் அழற்சி தணிவதும் உண்டு. ஆனால் ஆண்டுக்கணக்கில் விடாமல் அழுத்தினால் இதயத் தசையில் அழற்சியைத் தூண்டும் பொருள்கள் பெருகுகின்றன. தசை நார்த்தழும்பாக மாறுகிறது.

சாகாஸ் நோயாளிகள் பலரிடம் இப்பொத்தானை அழுத்துவது ஹார்மோன் மட்டுமன்று. ஒட்டுண்ணியின் புரதம் ஒன்றில் ஒரு சிறு பகுதி பீட்டா ஏற்பியின் ஒரு பகுதியை ஒத்திருக்கிறது. ஒட்டுண்ணியை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள்களுள் சில, ஆள் மாறாட்டமாக நம் ஏற்பியையே பற்றித் தூண்டிவிடுகின்றன. இவை நோயை எந்த அளவுக்கு வளர்க்கின்றன என்பதில் ஆய்வாளரிடையே விவாதம் தொடர்கிறது. அது எப்படி முடிந்தாலும், ஆழ்ந்து உறங்கும் மனிதரிடத்திலும், மனத்தில் கவலையின் நிழலே இல்லாதவரிடத்திலும் அப்பொத்தான் அழுத்தப்படக்கூடும் என்பதே நான் இங்கே கவனிப்பது.

நம்மிடையே சாகாஸ் நோய் இல்லையே என்பீர்கள். உண்மைதான். ஆயினும் இதயத்தைத் தூண்டும் அத்தகைய எதிர்ப்பொருள்கள், ஒட்டுண்ணியே இல்லாமல் இதயம் விரிவடைந்த நோயாளிகள் சிலரிடமும் காணப்பட்டுள்ளன. அதைவிடப் பொதுவான செய்தி ஒன்று உண்டு. எக்காரணத்தால் இதயம் தளர்ந்தாலும், குருதி போதவில்லை என்று உணரும் உடல், நார்அட்ரினலினைக் கூடுதலாகச் சுரந்து இதயத்தைச் சாட்டையால் அடிப்பதுபோல் விரட்டுகிறது. அதாவது, மனஅழுத்த ஹார்மோன் மிகுவது பல வேளைகளில் நோயின் விளைவு. கவலை இதயத்துக்கு நல்லது என்று நான் சொல்லவில்லை. நல்ல உறக்கமும் இனிய சொல்லும் உதவும். ஆனால் “கவலையை விடு” என்ற அறிவுரை அந்தச் சாட்டையைப் பிடுங்கிவிடாது.

அதைத் தடுக்கவே பீட்டா பிளாக்கர் மாத்திரைகள் தரப்படுகின்றன. கார்வெடிலால், மெட்டோபிரோலால், பைசோபிரோலால் என்று உங்கள் சீட்டில் எழுதியிருக்கலாம். இவை பொத்தானுக்கு மூடி போடுபவை. தொடக்க வாரங்களில் சோர்வு தோன்றும். ஆகவேதான் சிறிய அளவில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டுகிறோம். “பதற்றத்துக்கான மாத்திரைதானே, இப்போது அமைதியாக இருக்கிறார்” என்று வீட்டில் ஒருநாள் நிறுத்திவிடுவோரும் உண்டு. இது பெருந்தவறு. மூடி இருந்த காலத்தில் செல்கள் கூடுதலான பொத்தான்களை உண்டாக்கியிருக்கும். திடீரென மூடியை எடுத்தால் எல்லாம் ஒருசேர அழுத்தப்படும்.

எல்லோருக்கும் ஒரே அளவும் பொருந்தாது. சாகாஸ் நோயாளிகளில் பலருக்கு இதயத்தின் மின்னோட்டப் பாதையே பழுதாகித் துடிப்பு மிகக் குறைந்திருக்கும். அவர்களுக்கு இம்மருந்தை முழு அளவில் தர மருத்துவர்கள் தயங்குகிறார்கள். நம் நோயாளிகளிலும் அத்தகையோர் உள்ளனர். எனவே, காலையில் எழுந்து சற்று ஓய்வாக அமர்ந்தபின் நாடித்துடிப்பை எண்ணி ஒரு குறிப்பேட்டில் எழுதிவாருங்கள். நிமிடத்துக்கு 50க்குக் கீழே இறங்கினாலோ, தலைசுற்றலோ மயக்கமோ வந்தாலோ அடுத்த தேதிவரை காத்திராமல் உடனே தெரிவியுங்கள். இல்லையேல் அடுத்த முறை வரும்போது குறிப்பேட்டைக் கொண்டுவந்தால் போதும்.