இன்வர்ட்டர் இருக்கையில் இன்னொரு பெட்டி எதற்கு?

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். மாடிப்படிக்குக் கீழே இருந்த இன்வர்ட்டர் பேட்டரி மூழ்கிக்கொண்டிருந்தது. 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரி, ஐம்பது கிலோவுக்கு மேல் கனம். மெயினை அணைத்துவிட்டு, நானும் பக்கத்து வீட்டுப் பையனும் அசைத்துப் பார்த்தோம். ஊஹூம்.

என் மனைவிக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும். இரவில் சிபாப் கருவியை மாட்டிக்கொண்டுதான் படுப்பாள். இரண்டு இரவு கரண்ட் இல்லை. அவள் நாற்காலியில் சாய்ந்தபடி கண்ணசர, நான் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சைக் கவனித்துக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு இரவுகளை இனி ஒருமுறை தாங்க மாட்டேன்.

பிறகுதான் போர்ட்டபிள் பவர் ஸ்டேஷன் என்ற பெட்டிகளைத் தேடினேன். காட்டில் கூடாரம் போட்டுத் தங்குகிறவர்கள் எடுத்துப் போவது. பேட்டரி, இன்வர்ட்டர், சார்ஜர் மூன்றும் ஒரே பெட்டிக்குள். அமெரிக்காவில் இருக்கும் மகன், "வரும்போது நான் வாங்கிட்டு வரேன்பா" என்றான். வேண்டாம் என்றேன். அங்கே வீட்டு மின்சாரம் 120 வோல்ட், நமக்கு 230. தவிர, 160 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் கொண்டுவர விடமாட்டார்கள்.

இங்கே ஒரு கடையில் 2000 வாட் பெட்டியைக் காட்டி, "மிக்ஸி, கிரைண்டர் எல்லாம் ஓடும் சார்" என்றார்கள். வெள்ளத்தில் யார் மாவு அரைக்கப் போகிறார்கள்? ஒரே சமயத்தில் எவ்வளவு இழுக்கலாம் என்பதைத்தான் வாட் சொல்லும். எத்தனை நேரம் ஓடும் என்பது வாட்-மணியில் இருக்கிறது. ஆயிரம் வாட்-மணி என்றால் நம் கரண்ட் பில்லில் வரும் ஒரு யூனிட், அவ்வளவுதான்.

என் கணக்கு இது. 500 வாட்-மணிப் பெட்டியில் உள்ளே வீணாவது போக 425 வாட்-மணி கையில் நிற்கும். ஈரப்பதச் சூட்டை அணைத்துவிட்டால் (டாக்டரைக் கேட்டுக்கொண்டேன்) எங்கள் சிபாப் 40 வாட்டுக்குள் ஓடுகிறது. ஆக, பத்து மணி நேரம். 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேனையும் சேர்த்தால் ஆறு மணி நேரம். ஒரு ராத்திரி கடந்துவிடும்.

ஆயிரத்தில் ஒன்றை விட்டு, ஐந்நூறில் இரண்டு வாங்கினேன். ஒவ்வொன்றும் ஏழு கிலோ சொச்சம். எழுபத்தொரு வயதில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறிப் பார்த்த பிறகே பணம் கொடுத்தேன். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையாகக் கேட்டு வாங்குங்கள். ஆயுள் அதிகம், தீப்பிடிக்கும் பயம் குறைவு. விலை இன்வர்ட்டரைவிடக் கூடுதல்தான். வீட்டில் மருத்துவக் கருவி எதுவும் இல்லையென்றால் இருக்கிற இன்வர்ட்டரே போதும். அதை மேலே ஏற்றி வையுங்கள்.

போன மாதம் குலதெய்வம் கோயிலுக்குப் போனபோது ஒரு பெட்டியை எடுத்துப் போனோம். ராத்திரி மண்டபத்தில் தங்கல். மச்சினன் மூன்று செல்போன்களை வரிசையாக அதில் செருகிவிட்டுப் படுத்துவிட்டான். எழுந்து மூன்றையும் பிடுங்கிவிட்டேன். இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை.