டிவி பதிவு: இடத்தை மிச்சம் பிடிக்காதீர்கள்!

2006ஆம் ஆண்டு, பட்டாபிராமில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் அப்பா டிவி ட்யூனர் கார்டு பொருத்தியிருந்தார். டிவியில் வந்த ஒரு பட்டிமன்றத்தில், பார்வையாளர் வரிசையில் இருந்த என் தாத்தா எழுந்து ஒரு நிமிடம் பேசினார். அதை அப்பா பதிவு செய்தார். ஹார்ட் டிஸ்க் 40 ஜி.பி. தான் என்பதால், செட்டிங்ஸில் 'விசிடி' என்பதைத் தேர்ந்தெடுத்தார். ஒரு மணி நேர நிகழ்ச்சி சுமார் 600 எம்.பி.யில் அடங்கியது. எல்லாருக்கும் மகிழ்ச்சி.

இன்று தாத்தா இல்லை. அந்த பைலைத் திறந்தால் குரல் தெளிவாகக் கேட்கிறது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் சதுரம் சதுரமாகக் கட்டங்கள்தான் தெரிகின்றன.

ஏன் இப்படி? நம் நாட்டு டிவியின் பால் முறைப் படத்தை முழுமையாகப் பதிய 720×576 புள்ளிகள் தேவை. விசிடிக்கான எம்பெக்-1 பார்மட்டில் இருப்பது 352×288, அதாவது கால் பங்குதான். அதையும் வினாடிக்கு 1,150 கிலோபிட்டுக்குள் அடைக்க வேண்டும். ஒரு பிரேமுக்கும் அடுத்த பிரேமுக்கும் உள்ள மாற்றத்தைச் சேமித்துத்தான் இந்த பார்மட்கள் இடத்தைக் குறைக்கின்றன. அசையாமல் செய்தி வாசிப்பவர் என்றால் சமாளித்துவிடும். கூட்டம் கைதட்டி, கேமராவும் நகர்ந்தால் இடம் போதாமல் விவரங்களைத் தூக்கி எறியும். எறிந்தது திரும்ப வராது. இன்றைய செயற்கை நுண்ணறிவு சாப்ட்வேர்கள் முகத்தைக் கூர்மையாக்கித் தரும். ஆனால் அது ஊகித்து வரைந்த முகம். என் தாத்தாவின் முகம் அல்ல.

எனவே, புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு என் கருத்து இதுதான்: முதலில் பெரிதாகப் பதியுங்கள், சுருக்குவதைப் பிறகு பார்த்துக் கொள்ளலாம்.

செட்டாப் பாக்ஸின் ஏ.வி. அவுட் சாக்கெட்டில் இருந்து யு.எஸ்.பி. கேப்சர் கருவி மூலம் பதிவு செய்கிறீர்களா? இலவசமாகக் கிடைக்கும் ஓ.பி.எஸ். ஸ்டூடியோ போதும். எச்.264 பார்மட், பிட்ரேட் 6,000 கிலோபிட் என அமைத்திடுங்கள். மணிக்குச் சுமார் 2.7 ஜி.பி. ஆகும்.

டிவி படம் ஒற்றை வரி, இரட்டை வரி எனப் பிரித்து அனுப்பப்படுவதால், அசையும் உருவங்களின் ஓரம் சீப்புப் பல் போலத் தெரியலாம். அப்போது வீடியோ சோர்ஸ் மீது ரைட் கிளிக் செய்து 'டீஇன்டர்லேசிங்' வசதியை இயக்கவும்.

பைல் வகையாக எம்.கே.வி.யைத் தேர்ந்தெடுங்கள். சாதாரண எம்.பி.4 பைலில் மிக அவசியமான குறிப்புகள் கடைசியில்தான் எழுதப்படும். பாதியில் கரண்ட் போனால் மொத்தப் பதிவும் திறக்காமல் போகலாம். எம்.கே.வி.யில் அதுவரை பதிந்தது மிஞ்சும்.

எல்லாவற்றையும் இப்படி வைத்திருந்தால் டிஸ்க் நிரம்பாதா? நிரம்பும். அதனால்தான் தரம் பிரிக்கச் சொல்கிறேன். ஒரு முறை பார்க்கும் சீரியலைப் பார்த்ததும் அழித்துவிடுங்கள். பிடித்த படத்தை ஹேண்ட்பிரேக் மூலம் சுருக்குங்கள். அதில் பிட்ரேட்டுக்குப் பதில் ஆர்.எப். எண்ணை 18 முதல் 22க்குள் வைத்தால், காட்சிக்கு வேண்டிய இடத்தை அதுவே எடுத்துக் கொள்ளும். எண் குறையக் குறையத் தரம் கூடும். எச்.265 இன்னும் சிறிதாக்கும். ஆனால் நேரம் பிடிக்கும். பழைய டிவிகளில் ஓடாது.

வீட்டு மனிதர் வரும் பதிவை மட்டும் சுருக்காமல் அப்படியே இரண்டு இடங்களில் வைத்திருங்கள். ஹார்ட் டிஸ்க்கை எப்போது வேண்டுமானாலும் கடையில் வாங்கலாம். தாத்தாவின் அந்த ஒரு நிமிடத்தை எந்தக் கடையில் வாங்குவது?