53 நாட்களில் முடிந்த வீரயுகம்

இரண்டரை ஆண்டுகளாகச் சனிக்கிழமை மாலைகளில் நாங்கள் ஆடிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டம் முடிந்த இரவில், பழைய குறிப்பேடுகளைப் பரப்பிவைத்துக் கதைக்குள் எத்தனை நாள் கழிந்தது என்று எண்ணிப் பார்த்தேன். 53 நாட்கள். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பதினேழு வயதுச் சிறுவன் இரண்டு மாதம் நிறைவதற்குள் டிராகனைக் கொன்று ஒரு பேரரசையும் கவிழ்த்திருந்தான். அவன் ஊரைவிட்டுப் போன துயரமே அவன் தாய்க்கு அதற்குள் ஆறியிருக்காது. மேசையைச் சுற்றியிருந்த ஐந்து பேரில் ஒருவருக்கும், நடத்துநராக இருந்த எனக்கும், அதுவரை இது உறுத்தவே இல்லை.

அறியாத நண்பர்களுக்காக: ஒருவர் உலகத்தை விவரிப்பார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவார்கள், முடிவெடுப்பார்கள், ஐயம் எழும் இடத்தில் பகடை தீர்ப்பு வழங்கும். கதை மாதக்கணக்கில் வளரும். நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றது தொல்காப்பியம். நம் நடத்துநர்கள் நிலத்துக்கு நான்கு வண்ணத்தில் வரைபடம் வரைகிறார்கள். பொழுதை மறந்துவிடுகிறார்கள்.

தொடக்கத்தில் இப்படி இல்லை. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் இவ்விளையாட்டை வெளியிட்டபோது, நிலவறைக்குள் நடமாட்டம் பத்து நிமிடக் கூறுகளாக எண்ணப்பட்டது. தீப்பந்தம் எரிந்து தீர்ந்தால் இருள். 1979இல் வந்த நடத்துநர் கையேட்டில் கைகாக்ஸ், காலக்கணக்கைக் கண்டிப்பாகப் பேணாதவரிடம் பொருளுள்ள ஆட்டம் அமையாது என்று பெரிய எழுத்துகளிலேயே அச்சிட்டார். இன்று இது ஒரு கிழவரின் பிடிவாதமாகக் கேலி செய்யப்படுகிறது. ஆனால் அவர் மனத்தில் இருந்தது ஒரே உலகத்தில் தனித்தனியே ஆடிய பல குழுக்கள். ஒரு குழு காயம் ஆற மூன்று வாரம் படுத்திருந்தால், அந்த மூன்று வாரத்தில் இன்னொரு குழு புதையலை எடுத்துச் சென்றுவிடலாம். ஆகவே யார் எந்த நாளில் நிற்கிறார்கள் என்பது நியாயம் சார்ந்த கேள்வியாக இருந்தது.

பிற்காலத்தில் ஆட்டம் நான்கைந்து பேர் கொண்ட மூடிய வட்டமானது, கேள்வியும் மறைந்தது. 2014ஆம் ஆண்டுப் பதிப்பின்படி எட்டு மணி நேரம் உறங்கி எழுந்தால் உடல்வலிமை முழுவதும் மீண்டுவிடும். காத்திருக்க எதுவுமே இல்லாத உலகத்தில் நாட்காட்டி எதற்கு?

தீப்பந்தம் எண்ணுவது சலிப்பூட்டுகிறது என்போரின் குறையை நான் மறுக்கவில்லை. எனக்கும் சலிப்பாகத்தான் இருந்தது. என் வாதம் பெரும்பொழுதைப் பற்றியது. கிரெக் ஸ்டாஃபோர்டின் பென்ட்ராகன் (1985) ஆர்தர் மன்னனின் வீரர்களைப் பற்றியது. அதில் பொதுவாக ஆண்டுக்கு ஒரு சாகசம், பின்பு குளிர்காலம். அக்குளிர்காலத்தில் அறுவடைக் கணக்கு, திருமணம், குழந்தைப் பேறு எல்லாவற்றையும் பகடை முடிவுசெய்யும். முப்பத்தைந்து வயதுக்குப் பிறகு வீரனின் உடல் தேயத் தொடங்கும். அவன் மாண்டால் ஆட்டக்காரர் அவன் மகனாகத் தொடர்வார். ஆர்ஸ் மேஜிகா (1987) காலத்தைப் பருவங்களாக வகுக்கிறது. மந்திரவாதி ஒரு பருவத்தில் நூல் படிக்கலாம், ஆய்வகத்தில் உழைக்கலாம், மாணவருக்குக் கற்பிக்கலாம். சாகசத்துக்குப் போனால் படிப்பு தடைப்படும். (ஆய்வு மாணவர்கள் இந்த விதியை உடனே புரிந்துகொள்வார்கள்.) இவ்விரண்டிலும் காலம் செலவாகிறது, செலவாவதால்தான் தெரிவுக்கு எடை கூடுகிறது.

அடுத்த ஆட்டத்தில் நான் ஒரே விதியை மாற்றினேன்: ஒவ்வொரு சாகசத்துக்குப் பின்னும் குறைந்தது ஒரு பருவம் கழியும். முதலில் நான் கவனித்தது மொழியை. எங்கள் மேசை பாதி தமிழிலும் பாதி ஆங்கிலத்திலும் இயங்குவது. காட்சிக்குள் எல்லாம் நிகழ்காலம்: "வாளை உருவுகிறேன்", "கதவை உதைக்கிறேன்". பருவம் கழிந்ததும் "அந்த மழைக்காலத்தில் என்ன செய்தாய்?" என்று கேட்டேன். விடைகள் இறந்தகாலத்துக்கு மாறின. துணைவினைகளும் வந்து சேர்ந்தன. "சுவரைக் கட்டிக்கொண்டிருந்தேன்." "விதைநெல்லைச் சேர்த்துவைத்தேன்." "அப்பா இறந்துவிட்டார்." நிகழ்காலத்தில் மட்டும் பேசிய பாத்திரங்களுக்குத் திறமை இருந்தது. 'வைத்தேன்', 'விட்டார்' என்று சொல்லத் தொடங்கிய பிறகே அவர்களுக்கு வாழ்க்கை இருப்பதாக எனக்குத் தோன்றியது. இதை ஆய்வு முடிவாகச் சொல்லவில்லை. ஒரு மேசை, ஐந்து பேர், அவ்வளவே.

இரண்டாவது ஆதாயத்தை நான் எதிர்பார்க்கவில்லை. எங்கள் குழுவில் கொல்லனாக ஆடிய நண்பனின் நிதிநல்கை ஐந்தாம் ஆண்டோடு முடிந்தது. வேலை கிடைத்து வேறு நகரத்துக்குப் போனான். பழைய முறையாக இருந்தால் அவனுடைய பாத்திரத்தைக் கொன்றிருப்போம், அல்லது யாரும் பேசாமல் மறந்திருப்போம். ஆராய்ச்சி விடுதி நட்புகள் பெரும்பாலும் அப்படித்தானே முடிகின்றன. இங்கே கொல்லன் ஊரிலேயே இருந்தான்; மற்றவர்கள் பருவந்தோறும் அவனிடம் கலப்பை அடித்தார்கள், கடன் சொன்னார்கள். ஓராண்டுக்குப் பின் அவன் ஒரு விடுமுறையில் வந்தபோது கதைக்குள் பதினொரு ஆண்டுகள் கழிந்திருந்தன. பட்டறை இருக்கிறதா என்று கேட்டான். அவன் பயிற்றுவித்த சிறுமி இப்போது அதை நடத்துகிறாள் என்று மற்றவர்கள் சொன்னார்கள். அன்று மாலை ஒரு சண்டையும் நடக்கவில்லை. மூன்று மணி நேரம் ஊர்க்கதையே ஓடியது.

காலத்தாவல் ஆட்டக்காரரின் உரிமையைப் பறிக்கிறது என்ற மறுப்பு வலுவானது. "ஐந்து ஆண்டுகள் கழிந்தன, உன் மனைவி உன்னைப் பிரிந்தாள்" என்று நடத்துநர் அறிவித்தால் அது அதிகாரமே. நான் அறிவிப்பதில்லை. எவ்வளவு காலம் கழியலாம் என்று மேசையிடம் கேட்கிறேன்; அக்காலத்தில் ஒவ்வொருவரும் பெற்றது ஒன்று, இழந்தது ஒன்று என்று அவர்களே சொல்கிறார்கள். பகைவனுக்கும் அதே காலம் உண்டு என்பதை மட்டும் நான் நினைவூட்டுவேன். அவனும் அந்த ஆண்டுகளில் கோட்டை கட்டுவான், அவனுக்கும் நரை விழும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் விதிநூலை மாற்ற வேண்டியதில்லை. 2014 பதிப்பின் நடத்துநர் கையேட்டிலேயே ஒரு மாற்று விதி இருக்கிறது: குறு ஓய்வு எட்டு மணி நேரம், நெடு ஓய்வு ஏழு நாட்கள். அதை ஏற்றாலே வாரங்கள் நகரத் தொடங்கும். குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் கதையின் ஆண்டையும் பருவத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் குறிப்பேட்டில் இப்போது பதினான்காம் ஆண்டு, பனிக்காலம். ஆடு மேய்ப்பவன் இம்முறையும் ஒருவன் இருக்கிறான், அவனுக்கு முப்பத்தொன்று ஆகிறது.