ஜோய்ஸ்டிக் இல்லாத பிள்ளைக்கு வானம் இல்லையா?



லீவுக்கு நமது ஊர்ப் பொடியன்மார் ‘ஸ்டார் வோர்ஸ்: ஸ்குவாட்ரன்ஸ்’ போட்டி வைக்கிறார்கள். மாஷா அல்லாஹ், நல்ல முயற்சி. அறிவித்தலின் கடைசி வரிதான் எங்களை எழுத வைத்தது: “ஜோய்ஸ்டிக் உள்ளவர்கள் மட்டும்.” ஏன் என்று கேட்டோம். “சேர், மவுஸில் ஓட்டுபவன் உண்மையான பைலட் இல்லை” என்றார்கள்.

கேம் விளையாடலாமா, எத்தனை மணித்தியாலம் என்பதெல்லாம் வேறு பேச்சு. இன்னொரு நாள் பேசுவோம். இன்று இந்த ஒரு வரியைப் பற்றி மட்டும்.

முதலில் அந்த ‘உண்மை’. 1977இல் வெளிவந்த முதல் ஸ்டார் வோர்ஸ் படத்தை எடுத்தபோது ஜோர்ஜ் லூகாஸ் விண்சண்டைக்கு மாதிரியாக வைத்தது இரண்டாம் உலகப் போரின் விமானச் சண்டைக் காட்சிகளை. காற்றே இல்லாத வெளியில் காற்றைக் கிழித்துத் திரும்புவது போலத் திரும்பும் கப்பல்கள் அவை. அதில் எங்கே உண்மை தேடுகிறீர்கள்? சரி, நிஜ விண்கலத்துக்கே வருவோம். அப்பலோவில் இரண்டு கைப்பிடிகள் இருந்தன: ஒன்று கலத்தைத் திருப்ப, மற்றது நகர்த்த. ஆனால் 2020 மே மாதம் க்ரூ டிராகன் கலத்தை டக் ஹேர்லி கையால் ஓட்டிப் பார்த்தது தொடுதிரையில், விரலால். நமது ஊர்ப் போட்டி விதிப்படி அவரும் பைலட் இல்லை!

அடுத்தது, “மவுஸ்காரனுக்குக் குறி வைப்பது லேசு, அது அநியாயம்” என்ற பேச்சு. பாதி சரி. மவுஸில் சின்ன அசைவு சுத்தமாக விழும். ஆனால் ஜோய்ஸ்டிக்கில் எவ்வளவு சாய்க்கிறோமோ அவ்வளவு வேகத்தில் கப்பல் திரும்பும். விட்டால் ஸ்பிரிங் நடுவுக்குக் கொண்டு வந்துவிடும். நீண்ட வளைவில் எதிரியைத் துரத்த அதுதான் சுகம். மவுஸுக்கு நடு என்று ஒன்று கையில் தட்டுப்படாது. கீபோர்டோ இன்னும் பாவம்: அழுத்தினால் முழுதாக, விட்டால் ஒன்றுமில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு நன்மை, ஒரு குறை. குறி வைப்பது லேசாகிவிடும் என்றால் கேம் செய்பவர்களே அதற்கு விலை வைக்கிறார்கள். ‘எலீட் டேஞ்சரஸ்’ கேமில் தானாகக் குறியைத் தொடரும் துப்பாக்கிக்கு, நிலையாகப் பொருத்திய துப்பாக்கியை விடத் தாக்கம் குறைவு. நியாயம் செய்யும் வழி அது. ஆளையே வெளியே நிறுத்துவது வழியல்ல.

வரலாறும் நம் பக்கம்தான். 1984இல் வந்த ‘எலீட்’டைக் கீபோர்டிலேயே ஓட்டலாம். 1990இன் ‘விங் கொமாண்டர்’ மூன்றையும் ஏற்றது. 1999இல் ‘எக்ஸ்-விங் எலையன்ஸ்’ ஜோய்ஸ்டிக் கட்டாயம் என்றது. 2003இல் ‘ஃப்ரீலான்சர்’ மறுபக்கம் போய் மவுஸுக்கு மட்டும் கதவைத் திறந்து, ஜோய்ஸ்டிக்கை அடியோடு விட்டது. இரண்டும் பிழை என்றுதான் சொல்கிறோம். 2020இன் ஸ்குவாட்ரன்ஸோ மவுஸையும் கீபோர்டையும் ஜோய்ஸ்டிக்கையும் ஒரே களத்தில் மோத விடுகிறது. கேமைச் செய்தவர்களே திறந்து வைத்த கதவை மூட நாம் யார்?

இந்தக் கேமில் அணிக்கு ஐந்து பேர். ஐந்தாவது ஆளாகச் சேர இருந்த ஒரு பிள்ளை பெயர் கொடுக்கவில்லை. பழைய கொம்பியூட்டரும் ஒரு மவுஸும்தான் அவனிடம் உண்டு. ஜோய்ஸ்டிக் வேண்டும் என்று வாப்பாவிடம் கேட்கவும் இல்லை. கேட்டால் கடன்பட்டாவது வாங்கித் தருவார் என்று தெரிந்ததால்தான் கேட்கவில்லை. அந்தப் பிள்ளையின் வெட்கத்தை விடவா உங்கள் ‘உண்மையான பைலட்’ பெரிது?

தம்பிமாரே, ஜோய்ஸ்டிக் வைத்திருப்பது குற்றமில்லை. ஆசையாக வாங்கினீர்கள், சந்தோஷமாக ஓட்டுங்கள். ஆனால் சாமானை வைத்துத் திறமையை அளக்காதீர்கள். மவுஸோடு வருபவன் உங்களை வென்றால், அவன் உங்களை விடக் கெட்டிக்காரன். தோற்றால், நீங்கள் பயந்ததற்குக் காரணமே இல்லை. எப்படிப் பார்த்தாலும் அந்த வரி தேவையில்லை.

அதை அழித்துவிட்டு அறிவித்தலைத் திரும்பப் போடுங்கள். முதல் ஆளாகப் பகிர்வது நாங்கள்தான், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.